சுட்டெடுத்த பக்கங்கள்

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல்விளக்கும் பொம்மையும் செய்கிற ஒரு சிறு பட்டறைக்கு இணையதளம் தேவைப்பட்டால் அதில் என்னென்ன இருக்கும்? பட்டறையின் பெயர், முகவரி, ரயிலடியிலிருந்து வரும் வழி, செய்யும் பொருள்களின் படங்கள், உயரம், எடை, மொத்தமாக வாங்குவோர் அழைக்க வேண்டிய எண். நவராத்திரிக்கு முன்பு கொலு பொம்மைகளின் படங்கள் மாறும். கார்த்திகைக்கு முன்பு விளக்குகளின் படங்கள் மாறும். விலை ஏறினால் ஒரு பட்டியல் மாறும். ஆக, ஆண்டுக்கு ஐந்தாறு முறை திருத்தப்படும் பத்துப் பதினைந்து பக்கங்கள். மேற்கே, அதே மாவட்டத்தின் மங்களூர் ஒன்றியத்தில் மக்காச்சோளம் விளைவிக்கும் உழவர்கள் சேர்ந்து ஒரு தளம் தொடங்கினாலும், ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்கள் தொடங்கினாலும் கணக்கு இதைவிடப் பெரிதாகப் போவதில்லை. இதற்கு எந்த மென்பொருள் என்று கேட்டால், தளம் அமைத்துத் தருபவரிடமிருந்து யோசனைக்கு இடமே இல்லாமல் வரும் பதில் வேர்ட்பிரஸ். உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன என்பதால் அந்தப் பதிலில் வியப்பில்லை. அது மோசமான மென்பொருளும் இல்லை. ஆனால் இந்த அளவு வேலைக்கு அது மிகை. அந்த மிகைக்கான விலையைப் பட்டறைக்காரர் வாங்கும் நாளில் கொடுப்பதில்லை, பிறகு பல ஆண்டுகள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். சிறு தளத்துக்கான சிஎம்எஸ்ஸை, அதாவது பக்கங்களை எழுதவும் திருத்தவும் அடுக்கவும் உதவும் மென்பொருளை, அது என்னென்ன செய்யும் என்ற பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுப்பதைவிட, அதை விட்டு வெளியேறும் நாளில் நம் கையில் என்ன மிஞ்சும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பதே என் வாதம்.

முதலில் ஒரு பக்கம் நம் கைபேசிக்கு எப்படி வந்து சேருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளத்தில் பக்கம் என்று எதுவும் முன்கூட்டியே தயாராக இருப்பதில்லை. யாராவது முகவரியைத் தட்டியதும், சர்வரில் பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட நிரல் எழுந்து, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் தலைப்பு எங்கே, உள்ளடக்கம் எங்கே, பட்டிப்பட்டை எங்கே என்று பல கேள்விகள் கேட்டு, கிடைத்ததை ஒரு வடிவத்தில் பொருத்தி, எச்டிஎம்எல் பக்கமாக்கி அனுப்புகிறது. அடுத்தவர் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. நிலைப் பக்கம் என்பது இதற்கு நேர்மாறு. எழுதியவர் திருத்தி முடித்த கணத்திலேயே எல்லாப் பக்கங்களும் முழுமையாகச் செய்யப்பட்டுக் கோப்புகளாக வைக்கப்படுகின்றன. கேட்பவருக்குக் கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டுமே சர்வரின் வேலை. பீங்கான் ஊரில் இதை விளக்குவது எளிது. உள்ளடக்கம் களிமண், பக்க வடிவம் அச்சு, பக்கங்களை ஆக்கித்தரும் நிரல் சூளை. களிமண்ணிலுள்ள கயோலினைட் சுமார் 500 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் தன் படிக அமைப்புக்குள் பிணைத்து வைத்திருந்த நீரை இழக்கிறது. அதன்பின் எத்தனை நாள் தண்ணீரில் ஊறப்போட்டாலும் அது குழையும் மண்ணாக மாறாது. சுடாத பச்சைப் பொம்மையோ ஒரு மழையில் கரைந்துவிடும். வெளியுலகுக்கு வைக்கும் பொருள் சுட்டதாக இருப்பது நல்லது. ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: சுட்ட பொம்மையைத் திருத்த முடியாது. நிலைப் பக்கத்தையோ, மூல உரை நம்மிடம் இருக்கும்வரை, எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகச் சுட்டுக்கொள்ளலாம், செலவு சில நொடிகள்தான்.

இது புதிய யோசனை ஒன்றுமில்லை. 1990களின் தொடக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த முதல் இணையதளம் வெறும் கோப்புகளின் தொகுப்பு. 2001இல் வந்த மூவபிள் டைப் என்ற மென்பொருள், வலைப்பதிவர்களுக்கு உலாவியிலேயே எழுதும் வசதியைத் தந்தது, ஆனால் எழுதி முடித்ததும் பக்கங்களைக் கோப்புகளாகவே ஆக்கி வைத்தது. பதிவுகள் கூடக்கூட அந்த மறுஆக்கம் நீண்டுகொண்டே போனது. இதற்கிடையில் 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் வந்தது. அதில் காத்திருப்பு இல்லை, ‘வெளியிடு’ என்றதும் பக்கம் வந்துவிடும். 2004இல் மூவபிள் டைப் தன் உரிம விதிகளை மாற்றிக் கட்டணத்தைக் கூட்டியதும் கூட்டம் வேர்ட்பிரஸ் பக்கம் சாய்ந்தது. 2008இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய ஜெக்கில், 2013இல் ஸ்டீவ் பிரான்சியா தொடங்கிய ஹூகோ ஆகியவை பழைய முறையை மீட்டெடுத்தன. இடைப்பட்ட காலத்தில் கணினிகளின் வேகம் கூடியிருந்தது. அன்று நிமிடக்கணக்கில் நடந்த மறுஆக்கம் இன்று நொடிக்குள் முடிகிறது. வேர்ட்பிரஸ் வென்றதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது, அந்தக் காரணம் சிறு தளங்களைப் பொறுத்தவரை இன்று இல்லை.

பாதுகாப்பிலிருந்து ஒரு சான்று. 2014 அக்டோபர் 15 அன்று, துருபால் என்ற பிரபலமான சிஎம்எஸ்ஸின் ஏழாம் பதிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அறிவிக்கப்பட்டது. தரவுத்தளத்துக்குப் போகும் கேள்விகளுக்குள் வெளியார் தங்கள் கட்டளையைச் செருகிவிடக்கூடிய ஓட்டை அது. திருத்தமும் கூடவே வெளியானது. இரண்டு வாரம் கழித்துத் துருபாலின் பாதுகாப்புக் குழு இன்னோர் அறிவிப்பு விடுத்தது: முதல் அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடாத ஒவ்வொரு தளமும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே எண்ணிச் செயல்படுங்கள் என்று. நம் கடிகாரத்தில் அந்த ஏழு மணி நேரம் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கி விடியற்காலை நாலரைக்கு முடிகிறது. சர்வதேச நிறுவனத்தில் முறைவைத்து விழித்திருக்க ஆள் உண்டு. பட்டறையில் யார் இருப்பார்? உடைக்கப்பட்ட தளத்தால் பெரும் நட்டம் வராமல் போகலாம். ஆனால் அகல்விளக்கு வாங்க வந்தவரைச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிவிடும் பக்கம், அந்தப் பட்டறையின் பெயரில் தேடுபொறியில் பல மாதம் நின்றுவிடும். நிலைப் பக்கத் தளத்தில் இந்த வகைத் தாக்குதலுக்கு இடமே இல்லை, ஏனென்றால் கேள்வி கேட்க அங்கே தரவுத்தளம் இல்லை, கட்டளையை ஏற்று ஓட நிரலும் இல்லை. கடவுச்சொல் திருடப்படலாம் என்ற ஆபத்து மட்டும் எல்லோருக்கும் போலவே இதற்கும் உண்டு.

பளுவைத் தாங்கும் திறனுக்கு அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது. 2013 அக்டோபர் 1 அன்று பெரும் விளம்பரத்தோடு திறக்கப்பட்டு, முதல் நாளில் வெறும் ஆறு பேரை மட்டுமே காப்பீட்டில் சேர்க்க முடிந்த தளம் அது. அதன் விளக்கப் பக்கங்கள் ஜெக்கிலால் ஆக்கப்பட்ட நிலைப் பக்கங்கள். தடுமாறியது கணக்குத் தொடங்கும், அடையாளம் சரிபார்க்கும், விண்ணப்பம் ஏற்கும் பகுதி. நிலைப் பக்க ஆதரவாளர்கள் இதை வெற்றிக்கதையாகச் சொல்வது சற்று அதிகம் என்று நினைக்கிறேன். கடினமான வேலை முழுவதும் மறுபக்கத்தில் இருந்தது, விளக்கப் பக்கம் தாங்கியதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு சிறிய பாடம் மிஞ்சுகிறது. வருகையாளர் காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு குறைவாகவே உடைய வழி இருக்கிறது. பட்டறைத் தளத்தில் அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ எதுவுமே இல்லை.

இங்கே வேர்ட்பிரஸ் தெரிந்தவர்கள் இரண்டு மறுப்புகள் சொல்வார்கள். பிளகின் என்ற துணைநிரல் ஒன்றைப் போட்டால் வேர்ட்பிரஸ் தளமும் ஒருமுறை ஆக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தடுத்து அதையே கொடுக்கும், வேகத்தில் வேறுபாடு தெரியாது. அதோடு, 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே பொருந்திக்கொள்கின்றன. இரண்டும் உண்மை. வேகத்தை மட்டும் வைத்து நிலைப் பக்கத்துக்கு வாதாடினால் தோற்றுப்போவோம். ஆனால் சேமித்த பக்கத்துக்குப் பின்னால் பிஎச்பியும் தரவுத்தளமும் நிர்வாக நுழைவாயிலும் அப்படியே நிற்கின்றன. தாமாகப் பொருந்தும் திருத்தம் வேர்ட்பிரஸின் மையத்துக்கு வரும். யாரோ எழுதி ஓரிரு ஆண்டுகளில் கைவிட்ட பிளகினுக்குத் திருத்தம் எழுதவே ஆள் இராது. சர்வர் நிறுவனம் பழைய பிஎச்பி பதிப்பை நிறுத்தும் நாளில் அந்தப் பிளகின் தளத்தையே வெள்ளைப் பக்கமாக்கிவிடும். பக்கங்களைச் சேமித்து வைக்கும் பிளகினே அப்படிக் கைவிடப்பட்டதாக இருக்கலாம் என்பது இதிலுள்ள வேடிக்கை. வேர்ட்பிரஸே பழகிவிட்டது என்போருக்கு ஓர் இடைவழி உண்டு. அதைத் தங்கள் கணினியிலேயே ஓடவிட்டு, சிம்ப்ளி ஸ்டேட்டிக் போன்ற பிளகினால் பக்கங்களைக் கோப்புகளாக்கி, அந்தக் கோப்புகளை மட்டும் சர்வரில் ஏற்றலாம். அப்போது வேர்ட்பிரஸ் வெளியுலகின் கண்ணிலேயே படாது.

வேகத்தையும் பாதுகாப்பையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஆயுள். இதற்குத் தமிழிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியலாளராக இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்நின்று, பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் கொடுத்த தமிழ் நூல்களை இணையத்தில் வைத்தார்கள். அரசு நிதியோ நிறுவன ஊழியர்களோ இல்லாத வேலை. அந்தத் தளத்தின் அமைப்பைப் பார்த்தால் இன்றைய வடிவமைப்பாளர் சிரிக்கக்கூடும். ஒரு நீண்ட பட்டியல், ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண், எண்ணைச் சொடுக்கினால் ஒரு எச்டிஎம்எல் கோப்பு அல்லது பிடிஎஃப். அவ்வளவுதான். திருக்குறளுக்கு எண் ஒன்று. கால் நூற்றாண்டு கடந்தும் அந்தப் பட்டியல் திறக்கிறது, கோப்பு இறங்குகிறது. அதே காலத்தில் தொடங்கி, ஓடும் படங்களும் பளிச்சிடும் பட்டிகளும் வைத்திருந்த எத்தனையோ தமிழ்த் தளங்கள் இன்று முகவரியாகக்கூட மிஞ்சவில்லை. இதற்கு மதுரைத் திட்டத்தாரின் விடாமுயற்சி முதல் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எளிய அமைப்பு அவர்களுடைய உழைப்பு முழுவதையும் நூல்களின் மேல் செலுத்த விட்டது. மென்பொருளைப் பராமரிக்க அதில் பங்கு கேட்கவில்லை.

மதுரைத் திட்டம் பிழைத்த பெரிய சோதனை எழுத்துருச் சோதனை. 1990களில் தமிழைக் கணினியில் எழுத ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க அவருடைய எழுத்துருவையே நிறுவ வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டேம், டேப் என்ற குறியீடுகளைப் பரிந்துரைத்தது. உலகத் தமிழ் ஆர்வலர்கள் திஸ்கி என்ற இன்னொரு குறியீட்டை உருவாக்கிப் புழங்கினார்கள். யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் இருந்தும் அது பரவலாகப் பல ஆண்டுகள் ஆயின, தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். மதுரைத் திட்டத்தின் நூல்கள் முந்தைய எழுத்துருக்களிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் மாறின. ஒரு கோப்பைத் திறந்து, பழைய குறிகளைப் புதிய குறிகளாக மாற்றி, மூடும் நிரல் எழுதினால் முடிகிற வேலை அது, ஏனென்றால் உரை வெறும் உரையாகவே கோப்பில் கிடந்தது. அதே உரை, இப்போது கிடைக்காத ஒரு மென்பொருளின் தரவுத்தளத்துக்குள், அந்த மென்பொருளுக்கு மட்டுமே விளங்கும் அட்டவணைகளில் சிதறிக் கிடந்திருந்தால் முதலில் அதைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்திருக்கும். அடுத்த மாற்றம் குறியீட்டில் வரப்போவதில்லை, வேறு எங்கிருந்தோ வரும். எங்கிருந்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் மூல உரையை மிக எளிய வடிவில் வைத்திருக்கச் சொல்கிறேன்.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. 1994இல் தொடங்கிய, எவரும் தம் பக்கத்தை வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸில் இருந்தவையும் பெரும்பாலும் நிலைப் பக்கங்களே. தமிழர் பலரின் முதல் பக்கங்களும் அங்கே இருந்தன. 1999இல் அதை வாங்கிய யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. நிலைப் பக்கமாக இருந்தது அவற்றைக் காப்பாற்றவில்லை. காரணம் முகவரி. ஜியோசிட்டீஸின் பெயரில் தொடங்கிய முகவரி அந்த நிறுவனத்தோடு செத்தது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. மூடுவதற்கு முன்னிருந்த சில மாதங்களில் இணைய ஆவணக் காப்பகமும் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழுவும் அந்தப் பக்கங்களில் பெரும் பகுதியை நகலெடுத்து வைத்தார்கள். கோப்பு கோப்பாக இருந்தவற்றை மட்டுமே அவ்வளவு விரைவில் அப்படி அள்ள முடியும். ஆகவே நிலைப் பக்கம் என்பது ஆயுளில் பாதி. சொந்தப் பெயரில் வாங்கிய முகவரி மறுபாதி.

எல்லோரும் நிலைப் பக்கத்துக்கு மாற வேண்டும் என்ற வாதமும் இதில் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் மின்னாக்கி வைத்திருக்கிறது. அது ஓடுவது விக்கிப்பீடியாவுக்கு எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருளில். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஆசிரியர், பதிப்பு, ஆண்டு என்ற விவரங்களைப் பலர் ஒரே நேரத்தில் சேர்த்தும் திருத்தியும் வரும் இடத்தில் தரவுத்தளம் தேவைதான். கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களின் அரசுத் தளங்களுக்குத் தேசியத் தகவலியல் மையம் எஸ்3வாஸ் என்ற பொது அமைப்பைத் தருகிறது. ஒரே சட்டகத்தைப் பல நூறு தளங்களுக்குப் பயன்படுத்தி, பாதுகாப்பை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள அங்கே முழுநேர ஊழியர்கள் இருக்கிறார்கள். எத்தனை கைகள் எழுதுகின்றன, பராமரிக்கச் சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பட்டறையின் பதில் ஒரு கை, ஆள் இல்லை.

அப்படியானால் எந்த மென்பொருள்? ஜெக்கில், ஹூகோ, எலெவன்டி மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. மார்க்டவுன் என்ற எளிய குறிகளோடு எழுதிய உரைக் கோப்புகளை எடுத்து அச்சில் பொருத்திப் பக்கங்களாக்குகின்றன. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுனில், தலைப்புக்கு முன்னால் ஒரு வேலிக்குறி, பட்டியலுக்கு ஒரு கோடு என்று பத்துக் குறிகள் தெரிந்தால் போதும். மென்பொருளே இல்லாவிட்டாலும் அந்தக் கோப்பைக் கண்ணால் படிக்கலாம். மூன்றுக்கும் இடையே எனக்குத் தெரியும் பெரிய வேறுபாடு நிறுவுவதில் இருக்கிறது. ஜெக்கிலுக்கு ரூபி மொழியும் அதன் துணைப் பொதிகளும் வேண்டும். எலெவன்டிக்கு நோட் என்ற இயக்கு நிரல் வேண்டும். புதிய கணினி வாங்கிய நாளில் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் மல்லுக்கு நிற்பது உண்டு. ஹூகோ ஒரே ஒரு செயலிக்கோப்பு. அதைத் தளத்தின் கோப்புறையிலேயே போட்டு வைத்துவிட்டால், பிற்காலப் பதிப்புகளில் என்ன மாறினாலும் நம் பதிப்பு வேலை செய்துகொண்டிருக்கும். இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழுகிறது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டச் சொல்வது பட்டறைக்காரருக்கு உதவி ஆகுமா? ஆகாது. நிரலாளர்கள் தங்களுக்குப் பழகியதை எல்லோருக்கும் எளியது என்று நம்புவது இந்தத் துறையின் நிரந்தர நோய். பப்ளி என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்ல பதில். போலந்தில் உருவான இது சாதாரணக் கணினிச் செயலியாகவே திறக்கிறது. வேர்ட் கோப்பில் எழுதுவது போல எழுதி, படத்தைச் சேர்த்து, ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கங்களை ஆக்கிச் சர்வரில் ஏற்றிவிடும். கைபேசியில் எடுத்த படங்களைச் சிறிய அளவுகளில் தானே செய்துகொள்ளும். ஐந்நூறு சொற்களுள்ள தமிழ்ப் பக்கம் சுமார் பதினைந்து கிலோபைட், கைபேசிப் படம் ஒன்றோ மூன்று நான்கு மெகாபைட். பக்கம் மெதுவாகத் திறந்தால் குற்றம் பெரும்பாலும் படத்தின் மேல்தான்.

பப்ளியிலும் என் அளவுகோலுக்கு ஒத்துவராத ஓர் இடம் உண்டு. அது உரையைத் தனித்தனிக் கோப்புகளாக வைப்பதில்லை, நம் கணினியில் ஓர் எஸ்க்யூலைட் தரவுக்கோப்பில் வைக்கிறது. ஆனால் எஸ்க்யூலைட்டை எந்த நிரலாளரும் திறந்து படிக்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நெடுநாள் சேமிப்புக்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. 2050 வரை அதைப் பராமரிப்பதே தங்கள் நோக்கம் என்று அதை உருவாக்கியோர் அறிவித்திருக்கிறார்கள். உண்மையான ஆபத்து வேறு: அந்தக் கோப்பு ஒரே ஒரு கணினியில் இருக்கிறது. வன்தட்டு போனால் மூலம் போயிற்று. மாதம் ஒருமுறை பென்டிரைவில் நகல் எடுக்காதவருக்குப் பப்ளியைப் பரிந்துரைக்க மாட்டேன். விருத்தாசலத்தில் இருக்கும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற ஓரிடத்தில், மாறி மாறி வரும் மாணவர்கள் எழுதுவதானால், உலாவியிலேயே எழுத இடம் தரும் டெகாப் போன்றது பொருந்தும். அது எழுதியதை நேரே உரைக் கோப்பாகச் சேமிக்கிறது. டெகாப் முன்பு நெட்லிஃபை சிஎம்எஸ் என்று அழைக்கப்பட்டது. 2023இல் நெட்லிஃபை நிறுவனம் அதைக் கைமாற்றிக் கொடுத்ததும் பெயர் மாறியது. நிலைப் பக்க மென்பொருள்களும் சாகும், கைமாறும் என்பதற்கு இதுவே உதாரணம். கைமாறியபோது பயனாளர்களின் உரைக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழில் எழுதப் போகிறவர் மென்பொருளைத் தேர்வதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சில சோதனைகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பீடுகளில் இவை வருவதில்லை. முதலாவது முகவரி. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். இணைய முகவரியாக மாற்றும்போது ஒரு குறிக்கு ஒன்பது எழுத்துகள் ஆகும். ‘விருத்தாசலம்’ என்ற சொல்லில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு குறிகள், முகவரியில் நூற்றெட்டு எழுத்துகள். வேர்ட்பிரஸ் முகவரியின் இந்தப் பகுதிக்கு இருநூறு எழுத்துகள்தான் ஒதுக்குகிறது. அதனால் ‘விருத்தாசலம் பீங்கான் அகல்விளக்கு’ என்ற தலைப்பு, ‘அக’ என்பதோடு அறுந்துபோகும். எதில் எழுதினாலும் முகவரியை மட்டும் கையால் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுத்துவிடுவது நல்லது. வாட்ஸப்பில் பகிரும்போது நீண்ட சதவீதக் குறிகளாக வந்து பயமுறுத்தாது. இரண்டாவது வரிசை. யூனிகோடில் றகரம் ரகரத்தை ஒட்டியும், னகரம் நகரத்தை ஒட்டியும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னாலும் வைக்கப்பட்டுள்ளன. குறி எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் குழாயை முன்னும் குவளையைப் பின்னும் வைக்கும், நம் அகராதிகளில் குவளைதான் முன்னால் வரும். பட்டியல் தமிழ் அகர வரிசையில் வருகிறதா என்று இந்த இரண்டு சொற்களை வைத்தே சோதித்துவிடலாம்.

மூன்றாவது, பக்கங்களின் தொடக்க வரிகளை வெட்டி முகப்பில் காட்டும் வசதி. குறிகளை எண்ணி வெட்டும் மென்பொருள் ‘விளக்கு’ என்பதன் கடைசிக் குறியான உகரத்தைக் கழித்தால் மிஞ்சுவது ‘விளக்க’. சொல் அறுபட்டதும் தெரியாமல் பொருளே மாறிவிடும். சொல் எல்லையில் வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் சுருக்கத்தைக் கையால் எழுத இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேடல் பெட்டி இவற்றைவிடச் சிக்கல். நிலைப் பக்கங்களில் தேடுவதற்குப் பலர் பயன்படுத்தும் லூனர் என்ற நிரல், இயல்பாக ஆங்கில எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எண்ணுகிறது. மற்றவற்றை நிறுத்தக்குறி போல உரித்தெறிந்துவிடும், தமிழ்ச் சொல் முழுவதும் உரிந்து ஒன்றும் மிஞ்சாது. மொழி இணைப்பைச் சேர்த்துச் சரிசெய்தாலும், ‘விளக்கு’ என்று தேடினால் ‘விளக்கை’, ‘விளக்கில்’ அகப்படுவதில்லை, ஏனென்றால் வேற்றுமை உருபு ஏறும்போது ஈற்று உகரம் கெடுகிறது. தமிழ்த் தேடலைச் சரியாகச் செய்வது தனி ஆராய்ச்சி. பதினைந்து பக்கத் தளத்துக்குத் தேடல் பெட்டியே வேண்டாம், நல்ல முகப்புப் பட்டியல் போதும்.

சிஎம்எஸ்ஸே எதற்கு, இன்ஸ்டாகிராம் பக்கமும் வாட்ஸப் வணிகக் கணக்கும் இந்தியாமார்ட் பட்டியலும் இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இன்று அதிகம். விற்பனைக்கு அவை தளத்தைவிடக் கூடுதலாகவே உதவும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இடும் படங்களும் விவரங்களும் தேதிவாரியாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். மூன்று ஆண்டுக்கு முன் வாங்கிய அதே அளவு அடுக்கு விளக்கு இன்னும் கிடைக்குமா என்று பார்க்க வருபவருக்கு அங்கே வழியில்லை. ஜியோசிட்டீஸுக்கு நேர்ந்தது இவற்றுக்கு நேராது என்று உறுதி சொல்லவும் யாராலும் முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்: அன்றாடச் செய்தி சமூக ஊடகத்தில், நிற்க வேண்டியது தளத்தில். விசாரணைப் படிவம் இல்லையே என்ற குறைக்கு வாட்ஸப் உரையாடலைத் திறக்கும் ஒரு இணைப்பு போதும், நம் ஊரில் படிவத்தை நிரப்புவோரைவிடச் செய்தி அனுப்புவோரே மிகுதி. பணம் வாங்கி ஆர்டர் ஏற்று இருப்புக் கணக்கும் காட்ட வேண்டும் என்றால் கதை வேறு. அது கடை, அதற்கு நிலைப் பக்கம் போதாது.

எங்கே வைப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. இலவசம் என்பதால் பலரும் கிட்ஹப் பேஜஸைச் சொல்வார்கள். ஒரு கிகாபைட் வரை இடமும் மாதம் நூறு கிகாபைட் போக்குவரத்தும் பட்டறைக்குத் தாராளம்தான், ஆனால் வணிகத்தை நடத்துவதற்கான இலவச இடமாகத் தங்கள் சேவை இல்லை என்று அதன் விதிகளே கூறுகின்றன. முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அது பொருந்தும். பட்டறைக்கு, ஆண்டுக் கட்டணத்தில் கிடைக்கும் மிகச் சாதாரணமான ஹோஸ்டிங் போதும். நிலைப் பக்கங்கள் அதில் மிகச் சிறிய திட்டத்திலேயே ஓடிவிடும், பப்ளி அங்கே எஃப்டிபி என்ற கோப்பேற்றும் முறை வழியாக நேரடியாக ஏற்றும். தளம் அமைத்துத் தருபவரோடு பேசும்போது கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: முகவரி பட்டறைக்காரரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்க வேண்டும்; மூல உரையும் படங்களும் வடிவ அச்சும் அடங்கிய கோப்புறை முழுவதும் கையில் வர வேண்டும்; அந்தக் கோப்புறையிலிருந்து பக்கங்களை ஆக்கி ஏற்றுவதை அவர் முன்னிலையில் பட்டறையில் ஒருவர் ஒருமுறை தாமே செய்து பார்க்க வேண்டும். மூன்றாவதைத் தவிர்க்கப் பார்க்கும் தளக்காரர்கள் உண்டு. பாக்கித் தொகையை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.